பின்லாந்துக்குப் போன உம்மாவின் டின்

1

எங்கள் வீட்டுக்கு உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் தீன் பண்டங்கள் தபாலில் வருகின்றன. இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் இதைச் சொன்னால், "வேலை வெட்டி இல்லாமக் கிடக்காள் போல" என்பார்கள். காலை ஏழு மணிக்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று, பிள்ளைகளுக்கு அண்டா அண்டாவாக உருளைக்கிழங்கு அவிக்கிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் கெதியில் வரும். அது உம்மாவிடமிருந்து வந்தது, எனக்கு மூத்தவள், ராத்தாவுக்கும் இருக்கிறது. இங்கே நான் எழுதப்போகும் கதைக்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

நான் இருப்பது ஸ்கொட்லாந்தில், அபர்டீன் என்ற கடற்கரைப் பட்டினத்தில். இந்த மாதத்தோடு வந்து பதினாறு வருடம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்முனைக் கரையைப் போல இதுவும் கிழக்கைப் பார்த்த கரைதான். இங்கும் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும், எழும்புகிற நாட்களில். நாங்கள் "ஓம்" என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் "அய்" என்பார்கள், வாயை அதிகம் திறக்காமல். வந்த புதிதில் கடையில் நான் மறந்துபோய் "ஓம்" என்று சொன்னபோதும் அவர்களுக்கு விளங்கத்தான் செய்தது. ஆகவே ஆங்கிலம் வராமலே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

என் மகள் நுஹா கைக்குழந்தையாக வந்தவள். இப்போது பதினேழு வயது. தமிழ் விளங்கும், கதைப்பாள், எழுத்து மட்டும் சரியாக வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் அனுப்பினேன். பிறகு நீச்சல் வகுப்பும் சனிக்கிழமை என்று ஆனது, தமிழ் நீரில் போனது. அவளுடைய வாப்பா பஸ் ஓட்டுகிறார், சனிக்கிழமையும் ஓட்டுகிறார். பிள்ளையைத் தமிழுக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

பண்ட வேலையைத் தொடங்கியது அவள்தான். இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களை ஜோடி சேர்த்து விடுவார்கள். நீ உன் நாட்டுப் பண்டங்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும், மற்றவர் தன்னுடையதை உனக்கு அனுப்புவார்.

"பொறகு?" என்று கேட்டேன்.

"பொறகு ஒண்டுமில்ல உம்மா. முடிஞ்சிது. அடுத்த தரம் வேற ஆள்."

எனக்கு அது சரியாகவே படவில்லை. பண்டம் வந்து, பண்டம் கொடுத்து, அதோடு முடிந்தது என்றால் அது என்ன உறவு? எங்கள் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டில் பலகாரம் வந்தால் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகாது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றாலும் உம்மா ஒரு பிடி சீனியைப் போட்டுத்தான் அனுப்புவாள். அந்தச் சீனிக்கு அவர்கள் இன்னொரு நாள் கொழுக்கட்டை அனுப்புவார்கள். இரண்டு வீட்டிலும் ஆட்கள் மவுத்தாகி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகும் தட்டு மட்டும் போய்வந்துகொண்டே இருக்கும்.

2

சொன்னால் வெட்கம், ஆறு மாதத்தில் நுஹாவைவிட எனக்குத்தான் இந்தப் பைத்தியம் கூடிவிட்டது. தபால்காரன் பெட்டியோடு படியேறினால் முதலில் கதவைத் திறப்பது நான்தான்.

மெக்சிக்கோவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே புளி, அதில் சீனி, மேலே மிளகாய்த்தூள். கல்முனையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பல் கூசக் கூசத் தின்ற அதே புளி உருண்டை. அங்கேயும் பள்ளிக்கூட வாசலில் யாரோ ஒரு பெண் இதை விற்றுக்கொண்டு, பிள்ளைகளைப் "போங்கடா வகுப்புக்கு" என்று விரட்டிக்கொண்டு இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜப்பானிலிருந்து அரிசி அப்பளம் மாதிரி ஒன்று வந்தது. அதன் உறையைக் கிழிக்கவே மனம் வரவில்லை, அவ்வளவு வடிவு. ஜெர்மனிக்காரி ஒருத்தி பளபளவென்று ஜெலி மிட்டாய் அனுப்பியிருந்தாள்.

இங்கேதான் எங்கள் வீட்டுப் பரிசோதனைப் பகுதி வேலை செய்யும். நுஹா போனைப் பொட்டலத்தின் மேல் பிடிப்பாள், எழுத்து மொழிபெயர்ந்து வரும். நான் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு நிற்பேன். பன்றி ஜெலட்டின் இருந்தால் அது நேரே என்னோடு வேலைசெய்யும் மோராக் என்பவளுக்குப் போகும். மோராக் இப்போது, "உங்கட மார்க்கம் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு" என்ற மாதிரி கதைக்கிறாள். மாதத்தில் ஒரு பை மிட்டாய் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது.

நாங்கள் அனுப்புவது இந்த ஊர்ச் சாமான்கள்தான். ஓட்ஸ் பிஸ்கட், வெண்ணெய் பிஸ்கட், பிறகு "டேப்லட்" என்று ஒரு இனிப்பு. சீனியும் டின் பாலும் வெண்ணெயும் போட்டுக் காய்ச்சி இறக்கி, துண்டு போடுவார்கள். முதல் தரம் வாயில் வைத்தபோது நான் சிரித்துவிட்டேன். நம்முடைய பால் டொபியேதான். இவ்வளவு தூரம் வந்து, குளிரில் விறைத்து, கடைசியில் பால் டொபி.

3

இனி டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஒரு பட்டர் பிஸ்கட் டின். வட்டமானது, நீல நிறம், மூடியில் ஒரு குதிரை வண்டி. நம் ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஒன்று கிடக்கும். திறந்தால் ஊசியும் நூலும் சட்டைப் பொத்தானும் இருக்கும். என் உம்மா மட்டும் அதில் மெய்யாகவே பண்டம் வைப்பாள். பெருநாளைக்குச் செய்த முறுக்கு, பயத்தம் உருண்டை, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கிண்டித் துண்டு போட்ட தொதல். நானும் ராத்தாவும் எடுக்காமல் இருக்க மூடியை இறுக்கி அடித்து அலுமாரிக்கு மேலே வைப்பாள். அந்த மூடியைச் சத்தமில்லாமல் திறக்க ராத்தாவால் மட்டும்தான் முடியும். அவள் திறப்பாள், நான் வாசலில் காவல் நிற்பேன், பங்கு பாதிக்குப் பாதி.

உம்மா மவுத்தானபோது நான் இங்கே வந்து நாலு வருடம். எங்கள் விசா விண்ணப்பம் கந்தோரில் கிடந்தது, பாஸ்போட்டும் அவர்கள் கையில். நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் செத்தது, திரும்பி வர முடியாது. கந்தோருக்குப் போன் எடுத்தேன். பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். பிறகு ஒருவன் வந்து, "வருந்துகிறோம், உங்கள் கோப்பு வரிசையில் இருக்கிறது" என்றான். அங்கே உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராத்தாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். அவள் கேட்டாள், "கடதாசி பெரிசா, உம்மா பெரிசா?"

நானும் சும்மா இருக்கவில்லை. "நீ உம்மாட மடியிலயே இருந்தவ, உனக்கு என்ன தெரியும்? இஞ்ச வந்து இருந்து பாரு" என்றேன். ஜனாஸா வீட்டில் நிற்கிறவளிடம் கதைக்கிற கதையா அது? அவள் போனை வைத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

கடதாசி அடுத்த வருடம் கிடைத்தது. போயிருக்கலாம். போகவில்லை. முதலில் லீவு சரிவரவில்லை என்றேன், பிறகு பிள்ளையின் படிப்பு என்றேன், பிறகு டிக்கட் விலை என்றேன். மெய் என்னவென்றால் பயம். உம்மா இல்லாத வீட்டு வாசலில் ராத்தா நின்றுகொண்டு, "இப்பதான் கடதாசி கிடைச்சிதா?" என்று கேட்பாள்.

சண்டை பிடித்த அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். ஹனிபா காக்கா கதவைத் தட்டினார். அண்ணன் மாதிரி அவர், எங்கள் பக்கத்துப் பாலமுனைக்காரர். இங்கே கடலில் எண்ணெய் எடுக்கிற இடத்துக்குப் போகும் கப்பலில் சமையல்காரராக இருக்கிறார். இரண்டு பெருநாளைக்கும் எப்படியாவது லீவு எடுத்து ஊருக்குப் போய்விடுவார்.

"தங்கச்சி, உங்கட ராத்தா இதக் குடுக்கச் சொன்னா," என்றார்.

துணியில் சுற்றிய உம்மாவின் டின். உள்ளே வாய் வரை தொதல். கடிதம் இல்லை, ஸலாம்கூட இல்லை. நான் குசினியில் இருந்து அழுதேன். அழுதுகொண்டே நாலு துண்டு தின்றேன்.

தட்டு வெறுமையாகப் போகக் கூடாதே. ஹஜ் பெருநாளைக்கு அவர் புறப்பட்டபோது டின் நிறைய டேப்லட் செய்து கொடுத்தேன். திரும்பி வந்தவரிடம், "ராத்தா என்ன சொன்னா?" என்று கேட்டேன். "பால் டொபிய ஏன் அவ்வளவு தூரத்துல இருந்து அனுப்புறாள் எண்டு கேட்டா. ஆனா முழுக்கத் திண்டா," என்றார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். நோன்புப் பெருநாள் முடிய டின் என்னிடம் வரும், ஹஜ் பெருநாளைக்கு முன் அவளிடம் போகும். நாங்கள் கதைப்பதில்லை, டின் கதைத்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம் அது போகாவிட்டால் நான் உறவை அறுத்துவிட்டேன் என்று அர்த்தம். இதை யாரும் சொல்லி வைக்கவில்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

என் மகளுக்குத்தான் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

4

இந்த வருடம் நோன்புப் பெருநாளைக்குப் பிறகு நுஹாவுக்கு ஜோடியாக வந்தவர் பின்லாந்தில் இருக்கும் ரித்வா என்ற பெண். நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் பெயர் மட்டி. ரித்வா எழுதியிருந்தார், "கடையில் வாங்கியது வேண்டாம். உன் வீட்டில் நீங்கள் தின்பது எதையாவது அனுப்பு."

நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். புகை இழுக்கும் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. நுஹா வாசலில் நின்று, "உம்மா, தொதல் ரித்வாக்கு அனுப்பவா?" என்று கேட்டாள்.

"ஓம் மகள், அனுப்பு," என்றேன்.

நாலு துண்டு வெட்டித் தாளில் சுற்றி அனுப்புவாள் என்று நினைத்தேன். நம் ஊரில் ஒரு பிள்ளை அப்படித்தான் செய்யும், பாத்திரம் யாருடையது என்று கேட்கும். என் மகள் வேறு மாதிரி யோசித்திருக்கிறாள். டின் வட்டமாக இருக்கிறது, காற்றுப் புகாது, தபாலில் நசுங்காது. எனவே டின்னோடு அனுப்பிவிட்டாள். அவளுடைய கணக்கில் அது நல்ல பொதி.

மூன்று கிழமை கழித்து நான் சீனியும் டின் பாலும் வாங்கிவந்து, கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலே கையைப் போட்டேன். வெறும் தூசி.

"நுஹா, டின் எங்க?"

"எந்த டின்?"

"உம்மம்மாட டின்."

"அந்தப் பழைய பிஸ்கட் டின்னா? பின்லாந்துல."

பக்கத்து அறையில் இருக்கிறது என்பது போல் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டின்தானே உம்மா, நான் புதுசு ஒண்டு வாங்கித் தாறன்," என்றாள். நான் போட்ட சத்தத்தில் மேல் மாடிக்காரர் வந்து எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு கதிரையிலேயே இருந்து அழுதேன். நுஹா பயந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீரோடு நின்றாள். உம்மா ஒரு டின்னுக்காக அழுவதை எந்தப் பிள்ளை பார்த்திருக்கும்?

ரித்வாவிடம் கேட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. தொதல் அற்புதமாம், மட்டி இரண்டே நாளில் தின்று முடித்துவிட்டாராம். டின்னும் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டதாம். தூண்டில் முட்களையும் ஈயத்தையும் அதற்குள் போட்டு வைத்திருக்கிறாராம். இப்போது அது ஏரியில், படகில் இருக்கிறதாம்.

உம்மாவின் டின், தூண்டில் முட்களோடு, பின்லாந்தில் ஒரு படகில். மீன்பிடிகாரர் நிறைந்த கரையில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு சோதனை.

5

ரித்வாவுக்கு நானே எழுதுகிறேன் என்று கிளம்பினேன். நான் எழுதிய ஆங்கிலத்தை வாசித்துவிட்டு நுஹா, "உம்மா, இப்பிடி எழுதினா அவ பொலிசுக்குப் போவா," என்றாள். ஆகவே நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டினாள்.

இப்படிச் சொன்னேன்: "அன்புள்ள ரித்வா, அந்த டின் என் உம்மாவுடையது. உம்மா மவுத்தானபோது நான் போகவில்லை. என் ராத்தாவும் நானும் பன்னிரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. வருடத்தில் இரண்டு தரம் இந்த டின் எங்களுக்குள் போய் வரும். அவள் நிரப்பி அனுப்புவாள், நானும் நிரப்பி அனுப்புவேன். ஒரு நாளும் வெறுமையாகப் போனதில்லை. இந்த முறை போகாவிட்டால் அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். மட்டிக்கு வேறு டின் அனுப்புகிறேன், இதைவிடப் பெரியது. இதைத் திருப்பித் தாருங்கள். வெறுமையாக என்றாலும் பரவாயில்லை."

பாதியில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் இத எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டாள்.

"நீ கேக்கல்ல."

"எனக்கு என்ன கேக்கிற எண்டே தெரியாதே உம்மா."

பிள்ளைகள் தூரப் போகிறார்கள் என்று நாங்கள் பள்ளிவாசலில் கூடுகிற நேரமெல்லாம் முறையிடுகிறோம். நான் என் பிள்ளைக்கு உம்மாவின் மவுத்துக்குப் போகாததையும் சொல்லவில்லை, பெரியம்மாவோடு பிடித்த சண்டையையும் சொல்லவில்லை. தொதலை மட்டும் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் ரித்வாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "மட்டி படகுக்குப் போயிருக்கிறார்."

6

பார்சல் வந்துவிட்டது, ஆனால் வீட்டுக்கு வரவில்லை. கதவு இடுக்கில் ஒரு அட்டை விழுந்து கிடந்தது. சுங்கப் படிவத்தில் பிழை, பொதி தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, தொலைபேசி எடுக்கவும். ஹனிபா காக்கா புறப்பட இன்னும் இரண்டு நாள். நாளை மறுநாள் இரவு அவருக்கு விமானம்.

போன் எடுத்தேன். பாட்டுப் போட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கேட்ட பாட்டு இல்லை, காத்திருப்பு மட்டும் அதே. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"அனுப்பியவர் படிவத்தில் இரண்டு கட்டத்தில் அடையாளம் போட்டிருக்கிறார். அன்பளிப்பு என்றும் போட்டிருக்கிறார், திரும்பி வரும் பொருள் என்றும் போட்டிருக்கிறார். ஒன்றைத்தான் போடலாம். எது?"

"ரெண்டும்தான்," என்றேன்.

"இரண்டும் இருக்க முடியாது. உங்களுடைய பொருள் திரும்பி வருகிறதா, இல்லையென்றால் அவர் உங்களுக்குப் பரிசு தருகிறாரா?"

"டின் என்னுடையது. உள்ளே இருப்பது அவருடையது."

"அப்படியென்றால் திரும்பி வரும் பொருள். அதை முதலில் அனுப்பிய பற்றுச்சீட்டு வேண்டும்."

நுஹாவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். பற்றுச்சீட்டை எப்போதோ எறிந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. களைப்புத்தான் வந்தது. அந்தப் பெண்ணிடம் தட்டுக் கதையைச் சொன்னேன். என் உடைந்த ஆங்கிலத்தில், பக்கத்து வீட்டுத் தட்டு, ஒரு பிடி சீனி, வெறுமையாகத் திருப்புகிற வெட்கம், எல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் திரும்பி வருகிற எந்தத் தட்டும் அன்பளிப்போடுதான் வரும், இரண்டையும் பிரிக்க எங்களுக்குத் தெரியாது, உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.

பிறகு அவள் சொன்னாள், "என் மாமியார் இப்படித்தான். ஜாம் போத்தலை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் ஒரு கிழமைக்கு முகம் தர மாட்டார்." விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "அன்பளிப்பு என்று போடுகிறேன். நாளை மறுநாள் காலை வந்து எடுங்கள். அய்?"

"ஓம்," என்றேன்.

7

அந்தக் காலையில் வேலைக்குப் பிந்தி வருவேன் என்று சொல்லிவிட்டு நானும் நுஹாவும் போய் எடுத்துவந்தோம். மேசையில் வைத்துத் திறந்தோம். உம்மாவின் டின் பளபளவென்று இருந்தது. மணந்து பார்த்தால் எங்கோ அடியில் ஒரு மீன் வாசம். மூடியில் குதிரையின் கண்ணுக்கு மேலே ஒரு கீறல், தூண்டில் முள் கிழித்தது. ரித்வாவின் சின்னக் கடிதம் பார்சல் தாளோடு ஒட்டியிருந்தது: "மூன்று தரம் கழுவினேன். ஒரு நாளும் வெறுமையாகப் போனதில்லை என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் நாங்கள் தின்பதை வைத்திருக்கிறேன்."

உள்ளே கரியைப் போல் கறுப்பாக, டைமன் வடிவத்தில் மிட்டாய்கள், ஒரு பெரிய பொட்டலத்தில். நுஹா பொட்டலத்தை வாசித்து ஜெலட்டின் இல்லை என்றாள். ஒன்றை வாயில் போட்டேன். உப்பு. அதற்குப் பிறகு இன்னும் உப்பு. மூக்கு வழியாக ஏதோ ஏறி உச்சியில் போய் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைப் பின்லாந்துக்காரர் விருப்பத்தோடு தின்கிறார்கள் என்று நுஹா சத்தியம் பண்ணினாள்.

ஹனிபா காக்கா பின்னேரம் வருவார், அதற்குள் டேப்லட் காய்ச்சிவிடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். சீனி கரையுமுன் மணி அடித்தது. அவர்தான். விமான நேரத்தை முன்னால் மாற்றிவிட்டார்களாம், கீழே டாக்சி நிற்கிறது.

"தங்கச்சி, கெதியாத் தாங்க. தரல்லெண்டா ராத்தாட முகத்துல நான் முழிக்கேலாது."

என்ன செய்ய? டின் வெறுமையாக இல்லை, அது போதும் என்று மூடப் போனேன். நுஹா, "ஒரு நிமிசம்," என்று டின்னைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது மூடியைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தாள். அந்தக் கறுப்பு உப்பை ராத்தாவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருட உறவு அந்த மிட்டாயோடு சரி என்றே நினைத்தேன்.

ஹஜ் பெருநாளுக்கு அடுத்த நாள் நான் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிய விட்டுவிட்டு நின்றேன். போன் அடித்தது. இலங்கை இலக்கம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றது குரல். குரல் கொஞ்சம் கனத்திருந்தது. ஆனால் அவள்தான்.

"வஅலைக்கும் ஸலாம், ராத்தா."

"இது என்ன சாமான் புள்ள? மனிசர் திங்கிறதா?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் தொடர்ந்தாள். "பெருநாளைக்கு வந்த ஆக்களுக்கு முன்னால டின்னத் திறந்து வச்சன். உன்ட மச்சான் மணந்து பாத்துட்டுச் சொல்றார், நாவிதன்வெளி வயலுக்கு எறியிற யூரியாவும் இப்பிடித்தான் மணக்குமாம். திண்டு பாத்தா அதிமதுரம். நல்ல அதிமதுரத்துல உப்பப் போட்டுக் கெடுத்து வச்சிரிக்கானுகள்."

"மன்னிச்சிக்க ராத்தா. டேப்லட் செய்ய நேரம் கிடைக்கல்ல."

"மச்சான் இப்ப இருமலுக்கு நல்லம் எண்டு ஒண்டொண்டாத் திங்கிறார். அது கிடக்கட்டும். குதிரைட கண்ணுல என்ன கீறல்?"

"தூண்டில் பட்டிச்சி."

"தூண்டிலா?"

"அது பெரிய கதை ராத்தா."

"கதைய வை. டின்னுக்கு அடியில ஒரு கடதாசி கிடந்திச்சி. கோழி கிண்டின மாதிரி எழுத்து. நாலு தரம் வாசிச்சித்தான் விளங்கிச்சி." அவள் வாசித்தாள். எழுத்துக் கூட்டி, பிள்ளை எழுதிய மாதிரியே வாசித்தாள். "பெரியம்மா, டின்ன நான்தான் தெரியாம வேற ஆளுக்கு அனுப்பினன். உம்மா அழுதா. நீங்க டின் அனுப்பினா உம்மா எப்பவும் அழுறா. உம்மாவோட கோவிக்க வேணாம். நுஹா."

அண்டாவில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. மோராக் வந்து அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனாள்.

"ராத்தா, உம்மாட மவுத்துக்கு நான் வந்திருக்கணும்," என்றேன். பன்னிரண்டு வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது அது.

"ஓம். வந்திருக்கணும்," என்றாள். பிறகு, "நானும் அப்பிடிக் கேட்டிருக்கப்படாது. உனக்கு அங்க ஆரு இருந்தா?" என்றாள்.

இரண்டு பேரும் அழுதோம். அவள்தான் முதலில் மூக்கைச் சிந்தினாள்.

"டின்னக் கழுவித் துடைச்சி அலுமாரிக்கு மேல வச்சிரிக்கன். இனி ஹனிபாக்கிட்டக் குடுத்தனுப்ப மாட்டன். வேணுமெண்டா நீ வந்து எடு. புள்ளையையும் கூட்டிட்டு வா."

"என்ன கொண்டுவர ராத்தா?" என்று கேட்டேன். வாய்ப் பழக்கம்.

"ஒண்டும் வேணாம். வெறுங்கையோட வா."

டிசம்பர் லீவுக்கு மூன்று பேருமாகப் போகிறோம். அவள் அப்படிச் சொன்னதை நம்பி நான் மெய்யாகவே வெறுங்கையோடு போய் வாசலில் நின்றால், அதைச் சொல்லிக்காட்டவே இன்னொரு பன்னிரண்டு வருடம் போகும். எனக்கு ராத்தாவைத் தெரியாதா? நேற்று நுஹாவை இருத்தி ரித்வாவுக்கு ஒரு கடிதம் எழுதுவித்தேன். மச்சானின் இருமலுக்கு அந்தக் கறுப்பு மிட்டாய் இன்னும் நாலு பக்கற் வேண்டும் என்று. மட்டிக்குப் பெரிய டின் போய்ச் சேர்ந்துவிட்டதாம். நிரப்பித்தான் அனுப்பினேன்.